போர்ட்டிகோவில் ஒரு சர்ஃப் போர்டு பட்டறை

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போனால் தாம்பரத்திலிருந்து கோவளம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி, அங்கே வாடகைப் பலகையில் ஏறி விழுந்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிற பிள்ளைகள் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் இருக்கிறார்கள். மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் கோவளத்தில் தொடங்கிய சர்ஃப் பள்ளிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அலை நம்மிடம் இருக்கிறது, ஏறத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பலகை மட்டும் கப்பலேறி வருகிறது. சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்த பிறகு, முதல் வேலையில் இருக்கும் ஒரு பையனால் அதை வாங்க முடிவதில்லை. அந்தப் பலகையை நம் வீட்டு முன்பக்கத்திலேயே செய்துகொள்ளலாம் என்று உறுதியாக நம்புவதால் இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சர்ஃப் போர்டுக்கு மூன்று பொருள்கள்: எடை குறைந்த உள்பாளம், அதன்மேல் கண்ணாடி இழைத் துணி, இரண்டையும் ஒன்றாக்கும் எபாக்ஸி ரெசின். பனி நாடுகளில் வீட்டிலேயே ஸ்கீ பலகை செய்கிறவர்களும் உள்ளே மரத்தை வைத்து இதே துணியையும் ரெசினையும்தான் பயன்படுத்துகிறார்கள். குளிரில் ரெசின் இறுகாது என்பதால் அவர்கள் மின்சாரத்தில் சூடேற்றி இறுக வைப்பார்கள். நமக்கு அதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை: தாம்பரத்து வெயிலில் ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும். கருவியெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். வெயிலையும் ஈரத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் நம் ஊர்ப் பட்டறையின் வெற்றி தோல்வி இருக்கிறது.

இடம்

முதல் பலகைக்கு 9 அடி நீளம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி நடந்து வேலை செய்ய 14 அடிக்கு 9 அடி இடம் வேண்டும். அரை கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீட்டில் கார் நிறுத்தும் போர்ட்டிகோ இதற்குச் சரியாகப் பொருந்தும். மேலே கான்கிரீட் கூரை இருப்பதால் நிழல் உண்டு, இரண்டு பக்கம் காற்று உண்டு, வீட்டுக்குள் நெடி போகாது.

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட கொட்டகைதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏப்ரல், மே மதியத்தில் அந்த ஷீட்டுக்கு அடியில் நிற்கவே முடியாது. சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி அந்தச் சூட்டில் மறுபடி இளகும், உள்ளே காற்று விரிந்து துணி பாளத்தை விட்டுக் கிளம்பும். ஏசி போட்ட படுக்கையறை ரெசினுக்கு மிக நல்ல இடம்தான். ஆனால் குழந்தைகள் தூங்குகிற அறையில் ரசாயனம் வேண்டவே வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள், தனி வீடு உள்ள நண்பரோடு சேர்ந்து ஒரு போர்ட்டிகோவைப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழி.

திறந்திருக்கும் இரண்டு பக்கங்களுக்கும் தார்ப்பாய்த் திரை கட்டுங்கள். மழைக்காக மட்டும் இல்லை. உள்பாளமாகப் போடும் தெர்மாகோலைச் சீவும்போது பறக்கிற வெள்ளை மணிகள் தெருவுக்குப் போய், வடிகாலில் இறங்கி, ஏரிக்குப் போகும். சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று நிரம்பிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்கிறவை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. கடலுக்காக ஒரு பலகை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த நீருக்குள் தெர்மாகோலை அனுப்புவது மன்னிக்க முடியாத செயல். தரையில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து, ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் சுருட்டிச் சாக்கில் கொட்டி வாயைக் கட்டுங்கள்.

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அந்த வெள்ளம் உங்கள் தெருவில் எந்த உயரத்துக்கு நின்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே பரண் அடியுங்கள். ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், துணிச்சுருள் மூன்றும் எப்போதும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒருமுறை ஈரம் ஏறிய கண்ணாடித் துணியை நம்பிப் பலகைக்குப் போட முடியாது.

தாங்கியும் விளக்கும்

பலகையை வைக்க இரண்டு தாங்கிகள் வேண்டும். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் தெருமுனை வெல்டிங் கடையிலேயே அடித்துக் கொடுப்பார்கள். உங்கள் இடுப்பு உயரம் இருக்கட்டும். அடியில் பெயின்ட் டப்பாவை வைத்துக் கான்கிரீட் ஊற்றிவிட்டால் அசையாது. மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள்.

விளக்குக்குக் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பட்டறையில் இதைவிட முக்கியமான கருவி கிடையாது என்றே சொல்வேன். வெள்ளைப் பாளத்தின் மேடு பள்ளத்தை உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் காட்டாது. எல்லாமே சமமாகத்தான் தெரியும். இரண்டு பக்கச் சுவரிலும் பலகையின் மட்டத்துக்குச் சற்று மேலே, படுக்கைவாக்கில், 4 அடி எல்இடி டியூப்லைட்டை ஒன்றையடுத்து ஒன்றாகப் பொருத்துங்கள். சுவருக்குக் கரும்பச்சையோ கருநீலமோ அடியுங்கள். திரையை இழுத்துவிட்டு, உச்சி விளக்கை அணைத்து, பக்க விளக்கை மட்டும் போடுங்கள். இழைப்புளி விட்டுப்போன ஒவ்வொரு வரியும் நிழலாக எழும்பும். உப்புத்தாளை நீளவாக்கில் இழுக்க இழுக்க அந்த நிழல்கள் மெலிந்து, முனையிலிருந்து வால்வரை ஒரே கோடாக ஓடும். அந்தக் கோடு எங்காவது நெளிந்தால் அங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. கையால் தடவிப் பார்ப்பதும் உதவும். கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள்.

மின் இணைப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். வியர்வைக் கையோடு சாண்டர் பிடிக்கப் போகிறோம். பட்டறைக்குத் தனி சர்க்யூட், அதில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வீட்டு இணைப்பில் சொந்தப் பலகை செய்யலாம். காசு வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்யத் தொடங்கினால் வணிக இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள்.

கருவிகள்

பெரிய பட்டியல் இல்லை. கைரம்பம், சிறிய இழைப்புளி, தகட்டு அரம், ரசமட்டம், மூலைமட்டம், அரை டஜன் ஜி கிளாம்ப். இவற்றில் பாதியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையதாக வாங்கலாம். காலையிலேயே போய்விட வேண்டும். கிளாம்ப்பின் திருகு மரை தேயாமல் இருக்கிறதா என்று முழுக்கச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். சாண்டரை மட்டும் புதிதாக, தூசி உறிஞ்சியை மாட்டக்கூடியதாக வாங்குங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று. இந்த மீட்டரைச் சுவரில் கண்ணுக்கு நேராக மாட்டுங்கள்.

பாளம்

சர்ஃப் உலகம் பல ஆண்டுகள் பாலியூரிதேன் பாளத்தையே நம்பியிருந்தது. அதில் பெரும்பங்கைத் தயாரித்துவந்த கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் 2005 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டது. அதன் பிறகு தெர்மாகோலையும் எபாக்ஸியையும் நாடிப் பலர் போனார்கள். நமக்கு அது நல்லதாயிற்று. தெர்மாகோல் நம் ஊரிலேயே தயாராகிறது.

ஆனால் ஸ்டேஷனரிக் கடையில் அலங்காரத்துக்கு விற்கிற ஷீட் உதவாது. அது மிகவும் லேசானது, விரலால் அழுத்தினாலே குழியும். குளிர்பதன அறைகளுக்கும் கூரைகளுக்கும் தெர்மாகோல் வெட்டித் தரும் தொழிற்சாலையில், கனமீட்டருக்கு 24 கிலோ அடர்த்தி என்று சொல்லி, 9 அடிக்கு மேல் நீளமான ஒரே பாளமாகக் கேளுங்கள். சொன்ன அடர்த்தியைத்தான் கொடுத்தார்களா என்று வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம். 10 செ.மீ. நீள அகல உயரத்தில் ஒரு துண்டை வெட்டி நிறுங்கள். 24 கிராம் இருக்க வேண்டும். 15, 16 கிராம்தான் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

65, 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு 9 அடி நீளம், இருபத்திரண்டரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம். வளைவுகளையெல்லாம் கழித்தால் சுமார் 70 லிட்டர் கொள்ளளவு வரும். முனை 4 அங்குலமும் வால் 2 அங்குலமும் மேலே தூக்கியிருக்கட்டும். இந்தப் பக்கவாட்டு வளைவை 3 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு அச்சாக வெட்டி, பாளத்தின் இரு பக்கமும் ஒட்டி, சூடான நிக்ரோம் கம்பியை அதன்மேல் உரசியபடி இழுத்தால் வெண்ணெய் போல வெட்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். கம்பி செக்கச் சிவந்தால் சூடு அதிகம், மின்னழுத்தத்தைக் குறையுங்கள். தெர்மாகோல் புகை நல்லதல்ல, இந்த வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள்.

வெட்டிய பாளத்தை நட்டநடுவே நீளவாக்கில் பிளந்து, 4 மி.மீ. மரைன் பிளை பட்டை ஒன்றை நடுவே வைத்து ஒட்டுங்கள். ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். இந்தப் பட்டைதான் பலகைக்கு முதுகெலும்பு. அதன் பிறகு மேலிருந்து பார்க்கும் வடிவத்தை வரைந்து ரம்பத்தால் அறுத்து, விளிம்பை உருட்டி இழைக்கும் வேலைக்கு அவசரப்படாமல் இரண்டு வாரக் கடைசி நாட்களை ஒதுக்குங்கள்.

ரெசின்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அதனால் ஃபைபர் வேலை தெரிந்த கைகள் கடற்கரைக் குப்பங்களில் இருக்கின்றன. ஒரு நாளாவது அவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். துணியை மடிப்பு விழாமல் விரிப்பதும், ரெசினைத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்றுவதும் புத்தகத்தில் வராது. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதவை மூன்று உண்டு.

அவர்கள் பயன்படுத்துவது பாலியெஸ்டர் ரெசின். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும். நமக்கு எபாக்ஸிதான்.

அடுத்தது துணி. படகுக்குப் போடும் சாப்டு மேட் நமக்குக் கனம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசையும் பாலியெஸ்டரில் கரைவதற்கென்று ஆனது, எபாக்ஸியில் சரியாக இளகாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள நெய்த கண்ணாடித் துணி கேளுங்கள். மேற்பக்கம் இரண்டு அடுக்கு, அடிப்பக்கம் ஒன்று.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. “வெயில் ஏறிடுச்சு தம்பி, கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கம்மியா ஊத்து” என்று படகு வேலைக்காரர் சொல்வார். பாலியெஸ்டருக்கு அது ஓரளவு சரி. எபாக்ஸியில் அப்படிச் செய்தால் பலகை என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும். எபாக்ஸியில் ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று பிணைகின்றன. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். டப்பாவில் எடைக் கணக்கில் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் வைத்து நிறுத்துதான் கலக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மெதுவாக இறுகும் ஹார்ட்னரை வாங்குங்கள். பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கத்து ரசாயனக் கடைகளில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருந்தால், 35 டிகிரியில் கால் மணிதான். ஒரே நேரத்தில் ஒரு கிலோ கலக்கிவிட்டு நிதானமாகத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தால் கிண்ணத்தில் புகை வரும். 200 கிராம், 200 கிராமாகக் கலக்குங்கள். கலக்கியதுமே துணிமேல் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். மெல்லிய படலமாக ஓடினால் சூடு வெளியேறிவிடும், வேலை செய்ய நேரமும் கிடைக்கும். மிச்சம் விழுந்த கிண்ணத்தைத் தெர்மாகோல் குப்பையில் எறியாதீர்கள், தீப்பிடிக்கும். ஒரு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எந்த நேரத்தில் ரெசின் ஊற்றுவது? காலையில் வேண்டாம். வெயில் ஏற ஏறத் தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே இருக்கும் காற்று விரிந்து, ஈரத் துணிக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பும். எத்தனை தடவை தள்ளினாலும் மறுபடி வரும். கடற்காற்று உள்ளே வந்து வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு, மாலை நாலரை, ஐந்து மணி வாக்கில் தொடங்குங்கள். அப்போது உள்காற்று சுருங்கும், ரெசின் பாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு முந்திய நாளே, ரெசினில் மைக்ரோபலூன் பொடியைக் கலந்து பட்டி பதத்துக்குக் குழைத்து, மணிகளுக்கு இடையே உள்ள ஓட்டைகளை வழித்து அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாளம் ரெசினைக் குடித்துக் கனத்துப்போகும்.

மாலை வேலைக்கு ஒரு விலை உண்டு. இரவில் ஈரப்பதம் ஏறும். காலையில் பார்த்தால் பலகையின் மேல் எண்ணெய் தடவியது போல ஒரு வழுவழுப்பு படிந்திருக்கும். காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் ஹார்ட்னர் சேர்ந்ததால் வந்தது அது. உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள், தேய்த்தால் உள்ளேதான் ஏறும்; அடுத்த பூச்சு உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே தேயுங்கள். சுவர் மீட்டரில் ஈரப்பதம் 80ஐத் தாண்டியிருந்தால் அன்று ரெசின் வேலையே வேண்டாம்.

எல்லாம் முடிந்தால் பாளம் ஒன்றே முக்கால் கிலோ, துணி ஒரு கிலோவுக்குள், ரெசின் வீணானது போக ஒன்றரை, இரண்டு கிலோ. வால் பக்கம் அடியில் பொருத்தும் துடுப்பும் முதுகுப் பட்டையும் சேர்த்து ஐந்து கிலோவை ஒட்டி நின்றால் நல்ல வேலை. துடுப்பை 6 மி.மீ. மரைன் பிளையில் வெட்டி, இரு பக்கமும் மிச்சத் துணியைப் போட்டு நீங்களே செய்துகொள்ளலாம். கால்கயிறு மாட்டும் பிளக்கை மட்டும் விலைக்கு வாங்குங்கள்.

உடம்பு

எபாக்ஸி தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை வந்துவிடும். வந்த பிறகு அது போகாது, ரெசின் பக்கமே நெருங்க முடியாது. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கி, தாராளமாக மாற்றி மாற்றிப் போடுங்கள். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தின்னர் அதைத் தோலுக்குள்ளேயே கொண்டு சேர்க்கும். சோப்பு போதும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசிக்குத் துணி முகக்கவசம் போதாது. ஆவியையும் தூசியையும் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுகக் கவசம் வேண்டும். புழுக்கத்தில் போட எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து கழற்றி, தண்ணீர் குடித்து, மறுபடி போடுங்கள். முழுக்கைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீரையே ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாண்டர் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். பகல் 10 மணியிலிருந்து 12 மணிவரை என்று அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச்சில் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ எழுதும் பிள்ளை இருந்தால் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கையாலேயே தேயுங்கள்.

எந்த மாதம் எந்த வேலை

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. ரெசினைத் தொடாமல் பாளம் வெட்டுவது, வடிவம் இழைப்பது, துடுப்பு அறுப்பது என்று நகர்த்துங்கள். பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும்வரை நமக்குப் பொற்காலம்: பகலில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், மழை கிடையாது. துணி ஒட்டுவது, மேல்பூச்சு, தேய்ப்பு எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிடுங்கள். தென்கடலின் அலை நம் கரைக்கு ஒழுங்காக வரத் தொடங்கும் ஏப்ரலுக்குப் பலகை தயாராக இருக்கும்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரமாவது நிழலில் இறுக விடுங்கள். கடலுக்குப் போகும்போது கார் கூரையில் மெத்தைப் பட்டை போட்டு, அடிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்து, அகல நாடாவால் கட்டுங்கள். கயிறு விளிம்பை அறுக்கும். வெள்ளைத் துணியுறை ஒன்று தைத்துப் போடுங்கள். திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் டிபன் சாப்பிட நிறுத்தினால் வண்டியை நிழலில் விடுங்கள். வெயிலில் விட்ட பலகை கொப்பளித்துவிடும்.

எங்காவது பாறையில் இடித்துக் கீறல் விழுந்தால் அப்போதே கரையேறுங்கள். தெர்மாகோல் மணிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே வர நாள் கணக்காகும். கீறல் கீழே பார்க்கும்படி நிழலில் சாய்த்து வைத்து, சொட்டுவது நின்ற பிறகும் நாலு நாள் காயவிட்டு, சுற்றியுள்ள பூச்சைச் சுரண்டி, கையளவு துணியும் 20 கிராம் ரெசினும் வைத்து அடையுங்கள். அதற்காகவே முதல் பலகையின் மிச்சத் துணியில் ஒரு மீட்டரைச் சுருட்டிப் பரணில் போட்டு வையுங்கள்.